அடைப்பைக் கரைக்கும் கஷாயமா? அம்மாவுக்கு அனுப்பும் முன் யோசியுங்கள்

இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறுகளோடு ஆப்பிள் சைடர் வினிகரைச் சமமாகக் கலந்து காய்ச்சி, ஆறியதும் தேன் சேர்த்து தினமும் சாப்பிட்டால் ரத்தக்குழாய் அடைப்பு கரைஞ்சு போகுமாம், ஆபரேஷனே வேண்டாமாம். பல வருஷமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி, யாங்கூன் தாமுவேயில் இருக்கும் நம்ம பெரியவங்க போனுக்கும் வந்து சேருகிறது. பல நேரம் அனுப்புவது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்தான். பாசத்தில் அனுப்புகிறீர்கள். அதனால்தான் உங்களிடமே பேசுகிறேன்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. பூண்டு கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அடைப்பு என்பது சமையலறைக் குழாயில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. கொழுப்பும் சுண்ணாம்பும் ரத்தக்குழாயின் சுவருக்குள்ளேயே வருஷக்கணக்கில் சேர்ந்து இறுகுவது. குடிக்கிற புளிப்பு அங்கே போய் அதைக் கழுவிவிடாது.

குங்கிலிய வகையைச் சேர்ந்த குக்குலுவையே பாருங்கள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து கொலஸ்ட்ரால் மருந்து உருவாக்கியது. இந்தியாவில் அது விற்பனைக்கும் வந்தது. 2003-இல் அமெரிக்காவில் 103 பேரை வைத்து 8 வாரம் சோதித்தபோது கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்றுக் கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. பழைய மருந்து என்பதாலேயே அது வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது.

கலக்கும்போதுதான் ஆபத்து கூடுகிறது. ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுகிறவர் பூண்டு, இஞ்சிச் சாற்றை அதிகமாகக் குடித்தால் ரத்தக்கசிவு வரலாம். கஷாயத்தில் இனிப்புக்குப் போடும் அதிமதுரம், தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரசத்தில் தட்டிப் போடும் பூண்டு வேறு, மருந்தென்று கரண்டி கரண்டியாகக் குடிக்கும் சாறு வேறு.

இங்கே கஷாயத்தின் மேல் ஆசை வருவதற்குக் காரணமும் இருக்கிறது. 2021-க்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரிகளை விட்டு டாக்டர்கள் பலர் வெளியேறினார்கள். மருந்து விலை ஏறிவிட்டது. ஆஞ்சியோகிராம் செலவை நினைத்தாலே பயப்படுகிற வீட்டில், "செலவே இல்லாமல் கரையும்" என்ற வார்த்தை தேன் மாதிரி இனிக்கத்தானே செய்யும்? அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் மாரடைப்பு காத்திருக்காது.

எனவே பிள்ளைகளே, வீடியோவுக்குப் பதிலாக ஒரு போன் போடுங்கள். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? தீர்ந்துடுச்சா? கூடவே என்ன கஷாயம் குடிக்கிறீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை டாக்டரிடம் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள். நாட்டு வைத்தியரிடம் போனாலும் மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முடிந்தால் மாத்திரைக்கு மாதாமாதம் பணம் அனுப்புங்கள். மருந்து இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.