விளக்கு ஏன் எரியவில்லை?

மோட்டார் சமாசாரமெல்லாம் ஆண்பிள்ளைகள் விவகாரம் என்று இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே. நம்மில் எத்தனையோ பேர் இப்போது வண்டி ஓட்டுகிறோம். ஓட்டாதவர்களும் குழந்தைகளோடு பின் ஸீட்டில் உட்கார்ந்துதானே போகிறோம்? ஆகையால் எனக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் கேளுங்கள்.

போன டிசம்பரில் ஒரு நாள் இரவு, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப் பாதை. எங்கள் வண்டியில் வழக்கமான முன் விளக்குகள் போதாதென்று, பம்பருக்கு மேலே இரண்டு உபரி விளக்குகள் உண்டு. என் கணவர் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டவை. பாதி வழியில் அவை இரண்டும் ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்து போயின.

"போனால் போகட்டும், மெதுவாகப் போகலாம்" என்றார் அவர். அதற்குள் பின்னாலிருந்து என் பெண், "அம்மா, யாரோ ரப்பரைக் கொளுத்துகிறார்கள்!" என்றாள்.

கொளுத்தியது யாருமல்ல, எங்கள் வண்டிதான். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்தால் உள்ளேயிருந்து புகை. உபரி விளக்குகளின் பியூஸைப் பிடுங்கிய பிறகுதான் அது அடங்கியது. சாதாரண விளக்குகளை வைத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து சேலம் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டியைப் பார்த்த வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவர், அந்தப் பியூஸை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பச்சை நிறம், 30 ஆம்பியர். அங்கே இருந்திருக்க வேண்டியது நீலம், 15 ஆம்பியர்.

விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பியூஸ் அடுத்தடுத்து இரண்டு தடவை எரிந்து போயிற்று. எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர், "பெரிசாப் போட்டுட்டேன், இனிமே போகாது" என்றார். நாங்களும் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு வந்தோம்!

"பியூஸ் போகலேன்னா ஒயர் போகும்மா" என்றார் பெரியவர். ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் இரும்புப் பட்டையில் ஒயர் உரசி உரசி, மேல் உறை தேய்ந்து போயிருந்தது. செம்புக் கம்பி இரும்பில் பட்டதால்தான் நீலப் பியூஸ் எரிந்து எரிந்து எங்களை எச்சரித்திருக்கிறது. அதன் வாயை நாங்கள் அடைத்துவிட்டோம்.

அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மின்சாரம் போகும் வழி ரொம்பச் சுலபம். பாட்டரியிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து விளக்கு, விளக்கிலிருந்து வண்டியின் இரும்பு உடம்பு வழியாக மறுபடி பாட்டரி. ரிலே என்பது வாசல் காவல்காரர் மாதிரி. நீங்கள் உள்ளேயிருந்து ஸ்விட்சைத் தட்டிக் குரல் கொடுத்தால், அவர் பெரிய கேட்டைத் திறந்துவிடுகிறார். கனத்த மின்சாரம் உங்கள் ஸ்விட்ச் வழியாக வருவதில்லை.

இரண்டு விளக்கும் எரியவில்லையா? முதலில் பியூஸைப் பாருங்கள். 55 வாட் பல்புகள் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதற்கு 15 ஆம்பியர் பியூஸ் தாராளம். புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கும்போது நிறம் பார்க்கிறோமே, அதே கவனத்தோடு நீலத்துக்கு நீலமே போடுங்கள். அதுவும் எரிந்தால் மூன்றாவது போடாதீர்கள். எங்கோ ஒயர் இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். தேடிக் கண்டுபிடித்த பிறகே புதுப் பியூஸ்.

பியூஸ் நன்றாக இருக்கிறதா? ஸ்விட்சைப் போடச் சொல்லி, ரிலேயின் அருகே காதை வையுங்கள். "டக்" என்று சத்தம் கேட்டால் காவல்காரர் விழித்திருக்கிறார். கோளாறு பெரும்பாலும் கனத்த மின்சாரம் போகும் வழியில். ரிலேயின் அடியில் 30 என்று எழுதிய கால் பாட்டரியிலிருந்து வருவது. 87 விளக்குக்குப் போவது. சத்தமே கேட்காவிட்டால் 85, 86 என்ற கால்களையும் ஸ்விட்சையும் பார்க்க வேண்டும்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு பல்போடு கூடவே போனால் பல்புதான் குற்றவாளி. ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை மட்டும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

விளக்கு எரிகிறது, ஆனால் அழுது வடிகிறதா? பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். மின்சாரம் திரும்பிப் போகும் வழியை, அதாவது 'எர்த்' இணைப்பைப் பாருங்கள். பெயிண்டின் மேலும் துருவின் மேலும் திருகிய எர்த் ஒயர் சரியாக வேலை செய்யாது. பாட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து ஓர் ஒயரை விளக்கின் எர்த் ஒயரில் தொட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் நோய் தெரிந்துவிட்டது. அந்த இடத்தை இரும்பு தெரியச் சுரண்டி, இறுக்கித் திருகி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினால் போதும்.

ஒயரை அவிழ்ப்பதற்கு முன்னால் பாட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். கடைசியில்தான் மாட்ட வேண்டும். கம்ப்யூட்டர் பொருத்திய புதிய வண்டிகளில், முன் விளக்கு ஒயரை வெட்டி இணைக்கும் வேலையை விஷயம் தெரிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியாகி விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிகிறபோது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எதிரே வண்டி வந்தால் உடனே அவற்றை அணைத்துவிடுங்கள். எதிரே வருகிற வண்டியிலும் நம்மைப் போல ஒரு குடும்பம் இருக்கும். மூடுபனியிலும் இவை உதவா. கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டினாற்போல் ஆகிவிடும்.

இப்போது எங்கள் வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் நாலு நீலப் பியூஸ்கள் இருக்கின்றன. அந்தப் பச்சைப் பியூஸையும் நான் தூக்கி எறியவில்லை. சாவிகள் மாட்டும் ஆணியில் ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். என் கணவர் சாவி எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை!