நொண்டும் ஆடு: கோமாரியா, குளம்பு அழுகலா?

கேள்வி: எங்களிடம் 22 செம்மறி ஆடுகள் உள்ளன. பக்கிங்காம் கால்வாய் ஓரம் மேய்கின்றன. மழை விட்டபின் 6 ஆடுகள் நொண்டுகின்றன. இரண்டு ஆடுகள் முன்னங்காலை மடக்கி முட்டிபோட்டு மேய்கின்றன. கோமாரி வந்துவிட்டது, எல்லாவற்றையும் தள்ளிவிடு என்கிறார்கள். குளம்பில் கழிவு ஆயில் தடவிப் பார்த்தோம், குறையவில்லை. விற்றுவிடலாமா?
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: இப்போது விற்க வேண்டாம். கோமாரியாக இருந்தால் சந்தைக்குப் போகும் ஆடு வழியெல்லாம் நோயைக் கொண்டுபோகும். குளம்பு அழுகலாக இருந்தால், வாங்குபவரின் மந்தை கெடும். பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய ஆடும் பாதி விலைக்குப் போய்விடும். முதலில் எந்த நோய் என்று தெரிய வேண்டும்.

தடவிய ஆயிலைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடவும். அது கிருமியைக் கொல்லாது. தோலை எரிப்பதோடு, மருத்துவர் பார்க்க வேண்டிய புண்ணையும் மறைத்துவிடும்.

பிறகு ஆட்டை உட்காரவைத்து நான்கு கால்களையும் பார்க்க வேண்டும், நொண்டும் காலை மட்டுமல்ல. இரண்டு குளம்புகளுக்கும் இடையில் உள்ள தோல் சிவந்து, ஈரமாக, முடி உதிர்ந்து, சாம்பல் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது தொடக்கம். அடுத்து, குதிகால் பக்கத்தில் உட்புறமாகக் குளம்பின் கொம்புப் பகுதி கழன்று, அடிப்பாதத்துக்குப் பரவி, வெளிச்சுவர் வரை போகும். கழன்ற இடத்தில் சீழ் அதிகம் இருக்காது. சாம்பல் நிறப் பசைபோன்ற அழுக்கு இருக்கும். அதன் நாற்றம் ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. இரு குளம்புகளிலும், ஒன்றுக்கு மேற்பட்ட கால்களிலும் இப்படி இருந்தால் குளம்பு அழுகல் என்றே சந்தேகிக்க வேண்டும். முட்டிபோட்டு மேய்வதும் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் கால் வலி எதுவானாலும் ஆடு அப்படி மேயும்.

கோமாரியில் காய்ச்சலோடு பல ஆடுகள் ஒரே சமயத்தில் திடீரென்று நொண்டும். கொப்புளமும் புண்ணும் குளம்பும் தோலும் சேரும் வளையத்திலும், குளம்பிடையிலும் வரும். செம்மறியில் வாய்ப்புண் லேசாகத்தான் இருக்கும். மாட்டைப்போல் எச்சில் ஒழுகும் என்று காத்திருந்தால் தவறவிட்டுவிடுவோம். உதட்டைத் தூக்கி மேல் ஈறைப் பார்க்க வேண்டும். பால்குடிக் குட்டிகள் திடீரென்று இறந்தால் கோமாரிச் சந்தேகம் கூடும். முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, குளம்பு வளையம் கருஞ்சிவப்பானால் நீலநாக்கு நோய். அது கொசுவைவிடச் சிறிய கடிப்பூச்சியால் பரவுவது. ஒரே கால், ஒரே குளம்பு, சூடான வீக்கம், மேலே உடைந்து சீழ் என்றால் முள் குத்திய சீழ்க்கட்டியாக இருக்கலாம்.

இந்தப் பகுதிக்கென்று இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நீரில் நின்ற ஆடுகளுக்குத் தோல் எரிச்சல் வந்தால், அது ஒன்றாக இறங்கிய எல்லா ஆட்டிலும் நீர் தொட்ட உயரம் வரை தெரியும். குளம்பு உட்புறமாகக் கழலாது.

குளம்பு அழுகலுக்குக் காரணமான டைகிலோபாக்டர் நோடோசஸ் கிருமியை 1941இல் ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜ் அடையாளம் காட்டினார். சாணத்திலும் சேற்றிலும் உள்ள ஃபியூசோபாக்டீரியம் அதற்குத் துணை போகிறது. இந்தியாவில் காஷ்மீர் மந்தைகளில்தான் இது அதிகம் ஆராயப்பட்டது; அதனால் குளிர்ப் பிரதேச நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது பரவ ஈரமும், சுமார் 10 டிகிரிக்கு மேல் வெப்பமும் வேண்டும். வடசென்னையில் வெப்பத்துக்கு எந்த மாதமும் குறைவில்லை. ஈரத்தை வடகிழக்குப் பருவமழை கொடுத்துவிடுகிறது.

கண்ணால் பார்த்தது சந்தேகம்தான்; கால்நடை மருத்துவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வாயில் புண்ணோ காய்ச்சலோ இருந்தால் ஆட்டை எங்கும் ஓட்டிச் செல்லாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லவும், அல்லது 1962க்கு அழைக்கவும். இந்தக் கிருமி காற்றுப்பட்டால் சாகும். ஆகவே மாதிரியை மருத்துவரே புண்ணின் ஓரத்திலிருந்து எடுத்து அனுப்புவது நல்லது. மந்தையில் கோமாரி இல்லை என்று தெரிந்தால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓர் ஆட்டைக் கொண்டுபோய்க் காட்டலாம்.

குளம்பு அழுகல் என்று உறுதியானால், 6 ஆடுகளையும் உடனே பிரித்துக் காய்ந்த தரையில் கட்ட வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ துத்தநாக சல்பேட் கரைத்து, காலைக் கழுவியபின் 10 நிமிடம் அதில் நிறுத்தி, பிறகு அரைமணி நேரமாவது காய்ந்த இடத்தில் விட வேண்டும். நல்ல ஆடுகளை முதலில் இறக்கிவிட்டு, நோயுற்றவற்றைக் கடைசியில் இறக்கவும். மயில்துத்தம் கைக்குக் கிடைக்கும்தான், ஆனால் செம்மறி அதைக் குடித்தால் ஆபத்து. ஊசி மருந்தின் அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊசி போட்டபின் எத்தனை நாள் இறைச்சிக்கு விற்கக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளவும். ரத்தம் வரக் குளம்பைச் செதுக்குவது பழைய வழக்கம். புண் ஆறுவது அதனால் தாமதப்படும்.

இந்தக் கிருமி ஆட்டின் காலை விட்டுத் தரையில் இரண்டு வாரத்துக்கு மேல் பொதுவாக நிற்பதில்லை. கால்வாய் ஓரத்தை அதுவரை விட்டுவிட்டு, மேட்டு நிலத்தில் மேய்க்கவும். திரும்பத் திரும்ப நொண்டும் ஆடு மந்தையில் கிருமியைக் காத்து வைத்திருக்கும். மருந்துக் காலம் முடிந்தபின் அந்த ஓர் ஆட்டை மட்டும் இறைச்சிக்குக் கழிக்கலாம், வளர்ப்புக்கு விற்கக் கூடாது. மற்ற 21 ஆடுகளையும் வைத்துக்கொள்ளலாம்.