பையன்களைக் குறை சொல்லி என்ன பயன்?

2025 அக்டோபர் 14-ந் தேதி கோவாவின் மட்காவ் நகரில் சிங்கப்பூர் அணியிடம் இந்தியக் கால்பந்து அணி 1-2 என்ற கணக்கில் தோற்றது. முதல் கோல் போட்டது இந்தியாதான். சாங்டே அடித்த அந்தக் கோலைக் காப்பாற்றத் தெரியாமல் இரண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 2027 ஆசியக் கோப்பைப் போட்டிக்குப் போகும் வழி அன்றோடு அடைபட்டது. அடுத்த மாதம் 18-ந் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது 2003-க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

கேரளத்துக்குப் பிழைக்க வந்த தமிழர் ஒரு வருஷம் முடிவதற்குள் கால்பந்து ரசிகராகிவிடுவார். அது இந்த மண்ணின் குணம். அகளியிலும் கூளிக்கடவிலும் கடை வைத்திருப்பவர், மண்ணார்க்காட்டு ஆபீசுக்குச் சுரம் இறங்கிப் போய் வரும் குமாஸ்தா, மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் குடும்பத்துப் பையன் எல்லோருக்கும் இந்தக் காய்ச்சல் உண்டு. இவர்கள் ராத்திரி கண் விழித்து ஆட்டம் பார்க்கிறார்கள். தோற்றால் மறுநாள் டீக்கடையில் ஒரே தீர்ப்புதான்: “இந்தக் காலத்துப் பையன்களுக்கு நெஞ்சில் உரமில்லை. கையில் செல்போன், தலையில் கிராப்பு, காலில் ஒன்றுமில்லை.”

கோபம் நியாயமானது. ஆனால் அது போய் விழும் இடம் சரியில்லை.

2025 மார்ச் மாதம் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூன் 6-ந் தேதி கல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு சுனில் சேத்ரி ஓய்வு பெற்றார். மாலை மரியாதைகள் நடந்தன, கண்ணீரும் வடிந்தது. ஒன்பது மாதம் கழித்து அவரையே திரும்ப அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 40. அவரும் வந்து ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். அந்த சீசன் இந்தியன் சூப்பர் லீகில் இந்திய ஆட்டக்காரர்களில் அதிகக் கோல் போட்டவரும் அவர்தான், 14 கோல். சேத்ரியின் பெருமையில் யாருக்கும் சந்தேகமில்லை. 140 கோடி ஜனங்கள் உள்ள நாட்டில் அவருடைய இடத்துக்கு இருபத்திரண்டு வயதில் ஒருவன் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

இல்லாமல் போனதற்குக் காரணம் ரகசியமல்ல. லீகில் ஒவ்வொரு கிளப்பும் களத்தில் நான்கு வெளிநாட்டவரை இறக்கலாம். முன்பு அதற்கும் மேலே இருந்தது. கோல் அடிக்கும் இடத்தில் யாரை நிறுத்துவார்கள்? காசு கொடுத்துத் தருவித்த ஆளைத்தான். நம் பையன் ஓரத்தில் ஓடுவான், அல்லது பெஞ்சில் உட்காருவான். எழுபதாவது நிமிஷத்தில் இறக்கப்பட்டு இருபது நிமிஷம் ஓடியவனைத் தேசிய அணிக்குக் கூப்பிட்டு, கோல் போடு என்றால் எப்படிப் போடுவான்? சைக்கிளில் ஏறவே விடாமல் வைத்திருந்து, பந்தயத்தில் ஏன் பின்தங்கினாய் என்று கேட்கிற கதை இது.

2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. கொச்சியிலும் ஆட்டங்கள் உண்டு. பிரேசில், ஸ்பெயின், ஜெர்மனி பையன்கள் எல்லாம் அங்கே ஆடிப் போனார்கள். இந்தியா டில்லியில் ஆடியது. அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 என்று மூன்றும் தோல்விதான். ஆனாலும் அக்டோபர் 9-ந் தேதி கொலம்பியாவுக்கு எதிராக, பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னர் கிக்கை மணிப்பூரின் ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினான். எந்த வயதுப் பிரிவானாலும் உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் அது. மைதானமே எழுந்து நின்றது.

அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள்? அவர்களைச் சிதறவிடாமல் ‘இந்தியன் ஏரோஸ்’ என்ற பெயரில் ஒரே அணியாக ஐ-லீகில் ஆட வைத்தார்கள். நல்ல யோசனை. பெரிய ஆட்களோடு மோதி அடிபட்டாலும் வாரா வாரம் 90 நிமிஷம் ஆடினார்கள். ஜீக்சன், சுரேஷ் சிங், அன்வர் அலி போன்றவர்கள் பெரிய அணிக்கு ஏறியதும், திருச்சூர்ப் பையன் கே.பி. ராகுல் இந்தியச் சட்டை போட்டதும் இந்த வழியில் வந்தவைதான். அந்த ஏரோஸ் அணியை 2022-ல் கலைத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக வேறொன்று வைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. நாற்று விட்டவன் நடவுக்கு முன் வயலை விற்றுவிட்டுப் போன மாதிரி.

ராகுல் பேச்சு வந்ததால் இன்னொன்று. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு. தங்கள் ஆட்டக்காரர்களை விடமாட்டோம் என்று கிளப்புகள் முரண்டு பிடித்தன. கடைசி நேரம் வரை யார் போவது என்றே தீராமல், கிடைத்தவர்களைத் திரட்டி அனுப்பினார்கள். 18-ந் தேதி போய் இறங்கினார்கள், 19-ந் தேதி சீனாவோடு ஆட்டம். தூக்கம்கூடத் தெளியாத கால்களோடு ஆடி 1-5 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை ராகுல் வலது ஓரத்திலிருந்து அடித்தான். எந்த நாட்டுப் பையன் அடித்திருந்தாலும் பத்து தடவை திரும்பப் போட்டுக் காட்டியிருப்பார்கள். டீக்கடைத் தீர்ப்பில் அந்தக் கோல் இடம் பெறவில்லை. ஐந்து வாங்கியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

தமிழ் ரசிகருக்கு இந்த விளையாட்டில் ஒரு சொந்த உரிமையும் உண்டு. அதைப் பலர் அறிய மாட்டார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேசக் கோலைப் போட்டவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக அடித்தார். பலர் வெறுங்காலோடு ஆடிய அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றோம். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்று வரை அதுதான். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. முதல் கோலும் கடைசிக் கோலும் நம்மவர் பெயரில்! பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

அதே சைமன் சுந்தரராஜ்தான் 1973-ல் கேரளத்துக்குப் பயிற்சியாளராக இருந்து முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்றார்கள். காப்டன் மணி மூன்று கோல் போட்டார். தமிழன் பயிற்சி கொடுத்தான், மலையாளி கோப்பையைத் தூக்கினான். அன்று யாரும் எந்த ஊர்க்காரன் என்று கேட்கவில்லை.

1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய அணியின் காப்டன் சுனி கோஸ்வாமிக்கு வயது 24. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். தலையில் தையல் போட்ட ஜர்னைல் சிங் முன்வரிசையில் நின்று கோல் போட்டார். இருந்தது எல்லாம் இளைஞர்கள்தான். அவர்களுக்குப் பின்னால் ரஹீம் என்ற பயிற்சியாளர் இருந்தார். வருஷக்கணக்காக ஒரே ஆட்களை வைத்துக்கொண்டு உழைத்தவர், உடம்புக்குள் புற்றுநோயை வைத்துக்கொண்டு அந்தப் போட்டியை நடத்தி முடித்து, அடுத்த வருஷமே மறைந்தார். இப்போது ஒரு பயிற்சியாளரின் பெயரை ரசிகர் மனப்பாடம் செய்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். 2024 ஜூன் முதல் 2025 ஆகஸ்ட் வரை மட்டும் ஸ்டிமாக் போய், மனோலோ மார்க்கெஸ் வந்து போய், காலித் ஜமீல் வந்தார்.

வெளியே என்ன நடக்கிறது? உஸ்பெகிஸ்தான் 2026 உலகக் கோப்பைக்கு முதல் முறையாகத் தகுதி பெற்றது. தற்செயல் என்று நினைத்துவிடக் கூடாது. 2023-ல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, 2025-ல் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை இரண்டும் அவர்களுடையவை. பையனாக இருக்கும்போதே ஜெயித்துப் பழகியவன் பெரியவனாகி ஜெயிக்கிறான். குராசோ என்ற தீவு ஒன்றும் தகுதி பெற்றது. ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துச் சொச்சம். நம் ஊர்ப்பக்கம் ஒரு தாலூகா அளவு. (டச்சு லீகில் ஆடிப் பழகிய பையன்கள் அவர்களுக்குக் கிடைத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தீவில் மந்திரம் எதுவும் இல்லை.)

இந்தியா 2017-ல் பீஃபா பட்டியலில் 96-வது இடத்தில் இருந்தது. 2025 நவம்பரில் 142.

கேரள ரசிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு பக்கம் புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கு 30 அடியில் கட்-அவுட் வைத்தார்கள். நெய்மாருக்குப் போட்டியாக 40 அடி. ரொனால்டோவுக்கும் வந்தது. உலகமே பார்த்து ரசித்தது. அழகுதான், மறுக்கவில்லை. அந்த மரச்சட்டத்தில் ஒரு துண்டுகூட திருச்சூர்ப் பையனுக்கோ மணிப்பூர்ப் பையனுக்கோ கிடைக்கவில்லையே? பாலக்காடு, மலப்புறம் வட்டாரத்தில் செவன்ஸ் ஆட்டத்துக்கு மூங்கில் காலரி கட்டி ராத்திரி ராத்திரியாக ஜனம் கூடுகிறது. டிக்கெட்டும் விற்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பையன்களின் பதினொருவர் ஆட்டத்துக்குப் பார்வையாளர் என்று எண்ணினால், அப்பாமாரும் ஐஸ் விற்பவரும்தான். செவன்ஸ் காலுக்கு வித்தை கற்றுக்கொடுக்கும். முழு மைதானத்தில் 90 நிமிஷம் நின்று ஆடும் மூச்சைக் கற்றுக்கொடுக்காது. அதைப் பார்த்தே தேசிய அணிக்கு ஆள் எடுக்க முடியாது.

பையனை ஆட அனுப்பலாமா என்று யோசிக்கும் தகப்பனுக்குப் பெரிய பயம் வேறு. சோறு. முன்பெல்லாம் பந்து ஆடினால் உத்தியோகம் கிடைக்கும். ரயில்வே, போலீஸ், பாங்கு என்று வாசல்கள் இருந்தன. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் ஐ.எம். விஜயன் கேரளப் போலீசில் சேர்ந்து, 2025-ல் பத்மஸ்ரீ வரை போனார். 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பை வாங்கிய அந்தப் போலீஸ் அணியின் ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் நிச்சயம். இப்போது கிளப் ஒப்பந்தத்தில் பணம் கூடுதல், நிச்சயம் குறைவு. லீகை நடத்தும் உரிமை பற்றிய தகராறில் 2025 ஜூலையில் அடுத்த சீசனையே நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தின. எந்தப் பையன் எந்தத் தப்பு செய்தான்? மாதச் சம்பளத்தில் மணியார்டர் அனுப்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதன் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவே பையன்கள் நம்பிக்கை தருகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். டாக்காவில் பெரியவர்கள் தோற்ற பன்னிரண்டாம் நாள், 2025 நவம்பர் 30-ந் தேதி, ஆமதாபாத்தில் 17 வயதுக்குட்பட்ட இந்திய அணி ஈரானை 2-1 என்று வென்றது. முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு இரண்டு போட்டு வென்றார்கள். அதன் மூலம் ஆசியக் கோப்பைக்கும் தகுதி பெற்றார்கள். பெரியவர்களின் ஆட்டத்தில் ஈரானை வெல்வது என்பது கனவிலும் வராத விஷயம். அதற்கு முன் செப்டம்பரில் தோஹாவில் 23 வயதுக்குட்பட்டவர்கள் பஹ்ரைனை 2-0 என்று வென்றார்கள். புரூனேக்கு எதிராக ஆறு. அதில் மூன்று திருச்சூர்ப் பையன் விபின் மோகனன் போட்டது. கத்தாரிடம் 1-2 என்று தோற்றதால் மட்டுமே, 6 புள்ளி எடுத்தும் வாய்ப்பு நழுவியது.

பெண்கள் இன்னும் ஒரு படி மேலே. 2025 ஜூலை 5-ந் தேதி சியாங் மாய் நகரில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். 2018-லும் 2023-லும் தேசியப் பெண்கள் சாம்பியன் பட்டம் வாங்கியது தமிழ்நாடு. கடலூர் இந்துமதி கதிரேசன் போலீஸ் உத்தியோகமும் பார்த்துக்கொண்டு இந்தியாவுக்கு ஆடியவர். ஆண்களில் சென்னை நந்தகுமார் சேகர், சிவகங்கைச் சீமையின் சிவசக்தி நாராயணன் என்று பெயர்கள் வருகின்றன. பிள்ளைகளுக்குப் படம் ஒட்டிக்கொடுக்க நினைப்பவர்கள் இவர்களுடைய படத்தையும் தேடிப் பார்க்கலாம்.

ஈரானை வென்ற பையன்களை உடனே ‘நாளைய சேத்ரி’ என்று சுமையேற்றுவதும் வேண்டாம். பதினேழு வயது. 2017 பையன்களுக்கும் இதே பட்டங்களைச் சூட்டினோம், 2022-ல் அவர்கள் ஆட இருந்த அணியையே கலைத்தோம். இவர்களுக்கு வேண்டியது வருஷத்துக்கு முப்பது, நாற்பது கண்டிப்பான ஆட்டம். அடிபட்டால் வைத்தியம். ஒவ்வொரு கிளப்பும் இளைஞர் அணி ஒன்றை முழு சீசனும் ஆட வைக்க வேண்டும் என்ற விதி. களத்தில் ஒரு இந்திய ஃபார்வர்டுக்காவது கட்டாய இடம். இவற்றுக்குப் பெரிய மூளை தேவையில்லை. கால்பந்து சங்கம் மனது வைத்தால் ஒரு கூட்டத்தில் முடிகிற காரியம்.

அதே கூட்டத்தில் இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஆள் தேடுபவர்கள் கொச்சியோடும் கோழிக்கோட்டோடும் நிற்கிறார்கள். மூணாறில் வெள்ளைக்காரர் காலத்தில் ஆரம்பித்த ஃபின்லே ஷீல்டுக்கு எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதுகிறார்கள். மேகம் இறங்கும் அந்த மைதானத்தில் ஓடிப் பழகிய பையனுக்குச் சமவெளியில் மூச்சு வாங்காது. அட்டப்பாடியில் ஊர்களுக்குப் போகும் மலைப்பாதையில் தினம் ஏறி இறங்கும் இருளர், முடுகர் பிள்ளைகளின் கால் பலம் எந்தப் பயிற்சிக் கூடத்திலும் கிடைக்காது. தேர்வு நடக்கும் ஊருக்கு அந்தப் பையன் போக வேண்டுமானால் விடியற்காலை பஸ், தகப்பனுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம், பூட்ஸுக்குக் கடன். வருஷத்துக்கு ஒரு தடவை தேர்வாளர் ஒருவர் மண்ணார்க்காட்டில் பஸ் ஏறினால், முக்காலி வழியாகச் சுரத்தைத் தாண்டி மத்தியானத்துக்குள் அகளி வந்துவிடலாம். சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பியும் விடலாம்.