உருகாத ஜெலியும் வீட்டுப் பழச்சாறும்

கரடி, புழு, சோடாப் போத்தல் என்று விதவிதமான உருவங்களில் கடைகளில் தொங்கும் ஜெலி இனிப்புகளைப் பற்றித் தாய்மார் சிலர் இந்தப் பக்கத்துக்குக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் விடாமல் நச்சரிக்கிறார்கள், வீட்டிலேயே பழச்சாற்றில் செய்ய வழியுண்டா என்பதே கேள்வி. வழியுண்டு. எதைக்கொண்டு உறைய வைக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் மற்றதெல்லாம் இலகு.

கடையில் வாங்கும் ஜெலி இனிப்புகளில் பெரும்பாலானவை ஜெலட்டீனால் உறைய வைக்கப்பட்டவை. 1922இல் ஜெர்மனியின் பொன் நகரத்து மிட்டாய்க்காரர் ஹான்ஸ் ரீகல் கரடி உருவில் தொடக்கி வைத்த பண்டம் இன்று உலகம் முழுவதும் போகிறது. ஜெலட்டீன் என்பது பன்றித்தோல், மாட்டுத்தோல், மாட்டெலும்பு, சில வேளை மீன்தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் புரதம். இஸ்லாமியக் குடும்பங்கள் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதனால்தான். வெள்ளிக்கிழமை மச்சம் காய்ச்சாத வீடுகளில் அதே நாளில் பிள்ளை ஜெலி மென்றுகொண்டு நிற்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை!

பொதியில் இன்னொன்றையும் பாருங்கள். நமது நாட்டில் மென்பானங்களுக்கு 2016 ஓகஸ்ட் முதலும், திண்ம உணவுகளுக்கு 2019 ஜூன் முதலும் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி நடைமுறைக்கு வந்தது. ஜெலி இனிப்பின் நிறையில் ஏறக்குறைய அரைவாசி சீனி. சிவப்புக் குறி இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஜெலட்டீனுக்குப் பதிலாக நான் சொல்வது கடற்பாசி. எங்கள் ஒழுங்கையில் நோன்பு நாட்களில் மாலையானதும் பக்கத்து வீடுகளிலிருந்து கஞ்சியோடு ஒரு தட்டில் வந்து சேருமே, பால் போட்டும் ரோஸ் நிறம் போட்டும் துண்டு துண்டாக வெட்டிய கடப்பாசி, அதுதான். ஆங்கிலத்தில் அகார் என்பார்கள். சைனா கிராஸ் என்று கேட்டாலும் கடையில் கொடுப்பார்கள். பொதியில் 406 என்ற இலக்கம் இருந்தால் அதுவே.

கடைகளில் கிடைக்கும் நூற்பாசி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆனால் புத்தளம் களப்பிலும் கற்பிட்டியிலும் திருகோணமலைப் பக்கமும் இயல்பாக வளரும் பாசி ஒன்று ஒரு காலத்தில் 'சிலோன் மொஸ்' என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போனது. கஞ்சிப்பாசி என்பது அதன் தமிழ்ப் பெயர். நன்னீரில் கழுவி வெயிலில் காயவிட்டு, மறுபடி கழுவிக் காயவிட்டால் நிறம் போய் வெளுத்துவிடும். மன்னார் குடாவின் மறுகரையில், இராமநாதபுரத்தில், கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் பெண்களே. பாம்பனுக்கு அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி சேகரிக்கும் பெண்ணுக்கு 2015இல் சீகொலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. பொதிக்குள் இருக்கும் வெள்ளை நூலைப் பார்க்கும்போது இந்த உழைப்பெல்லாம் நமக்குத் தெரிவதில்லை.

ஜெலட்டீன் ஏறக்குறைய 35 பாகை வெப்பத்தில் உருகிவிடும். வாயில் இட்டதும் கரைவது அதனால்தான். கொழும்பு வெயிலில் புத்தகப்பைக்குள் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுப்பதும் அதனால்தான். கடற்பாசி அப்படியல்ல. 40 பாகைக்குக் கீழே வந்ததும் உறையும், உறைந்தபின் 85 பாகை வரை சூடேற்றினாலொழிய உருகாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் மேசைமேல் வைத்தே உறைய விடலாம்.

இந்தக் குணத்தை விஞ்ஞானத்துக்குக் கொண்டுபோனவர் ஒரு குடும்பப் பெண். பெயர் ஃபானி ஹெஸ்ஸே. அவருடைய கணவர் வால்ட்டர், ஜெர்மனியில் ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் கிருமிகளை வளர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கிருமிகளை வளர்த்த ஜெலட்டீன் கோடை வெப்பத்தில் நீராகிவிடும், சில கிருமிகள் அதையே தின்றும்விடும். உன்னுடைய பழ ஜெலி மட்டும் எப்படி வெயிலில் குலையாமல் நிற்கிறது என்று மனைவியிடம் கேட்டார். ஜாவாவில் வாழ்ந்த ஓர் ஒல்லாந்தக் குடும்பத்தாரிடமிருந்து நியூயோர்க்கில் தாம் தெரிந்துகொண்ட கடற்பாசியை ஃபானி சொன்னார். இது 1881இல். அடுத்த ஆண்டு கொக் வெளியிட்ட காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் கடற்பாசி இடம்பெற்றது, ஃபானியின் பெயர் இடம்பெறவில்லை. இன்றும் ஆய்வுகூடங்களில் கிருமி வளர்ப்பது இதில்தான்.

இனிச் செய்முறை. கோப்பை என்றால் 200 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிராம் நூற்பாசியைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தூளாக இருந்தால் இரண்டு தேக்கரண்டி மட்டமாக எடுத்தால் போதும், ஊறவைக்கத் தேவையில்லை. அதே தண்ணீரோடு மெல்லிய நெருப்பில் வைத்து, அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே கொதிக்க விடுங்கள். அகப்பையில் எடுத்துப் பார்த்தால் ஒரு நூலும் தெரியக்கூடாது. அரைக் கோப்பைச் சீனியைப் போட்டுக் கரைந்ததும் வடித்து இறக்குங்கள். ஆவி சற்று அடங்கியபின் வடித்த பழச்சாறு ஒரு கோப்பை, தேசிக்காய்ப்புளி ஒரு தேக்கரண்டி. கலந்ததும், தண்ணீர் தடவிய தட்டத்தில் ஊற்றிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும்.

சாற்றைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் பாசியின் பிடிமானம் குறையும். பழத்தின் வாசமும் உயிர்ச்சத்து சீயும் வீணாகும். அதேபோல் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த சாற்றையும் ஊற்றாதீர்கள், ஊற்றிய இடத்திலேயே கட்டி கட்டியாக உறையும்.

பழங்களில் எனக்கு முதலிடம் பாஷன் பழம். புளிப்பும் வாசமும் சேர்ந்து வருவதால் செயற்கை வாசனை எதுவும் தேவைப்படாது. அடுத்தது அன்னாசி. பச்சை அன்னாசிச் சாற்றை ஜெலட்டீனில் ஊற்றினால் அது உறையவே உறையாது. அன்னாசியிலும் பப்பாசியிலும் உள்ள நொதியம் புரதத்தை அறுத்துவிடும். கடற்பாசி புரதமல்ல, ஆகவே அந்தத் தொல்லை இல்லை. விளாம்பழத்தைக் கரைத்து வடித்து ஊற்றி, அது பாதி உறைந்ததும் மேலே தேங்காய்ப்பால் கலந்த பாசியை ஊற்றினால் இரண்டு நிறத்தில் வரும். மாம்பழம் என்றால் கறுத்தக்கொழும்பானைத் தவிர வேறொன்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்! வத்தகப்பழம் நீர்த்தன்மை, ருசி நிற்காது. நிறம் வேண்டுமென்றால் பீற்றூட் சாறு ஒரு கரண்டி. நீலச் சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டு வடித்து அதில் தேசிக்காய் பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறும். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கடை ஜெலி போல இது இழுபடாது. கடித்தால் 'நறுக்' என்று அறும். வெட்டிய துண்டுகளை எண்ணெய்த்தாளில் பரப்பி, மின்விசிறியின் கீழ் ஒன்றிரண்டு நாள் திருப்பித் திருப்பிக் காயவிட்டால் மேற்பகுதி இறுகிச் சற்று மெல்லும் பதத்துக்கு வரும். மழைக்காலத்தில் இதை முயல வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். மூடிய பாத்திரத்தில் குளிரூட்டி மூன்று நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள். மேலே சொன்ன அளவில் சீனி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். காயக் காய அந்த விகிதம் ஏறும். பழச்சாற்றில் உள்ள சீனியையும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில் குறைக்க வேண்டிய சீனியோடு சேர்த்தே கணக்கிடுகிறது. ஆகவே வீட்டுப் பண்டம் என்று தட்டத்தோடு கொடுத்துவிடாதீர்கள்.

வாயில் கரையாத கடற்பாசி தொண்டையிலும் கரையாது. இதைத் தாய்மார் மறக்கவே கூடாது. வாயளவுக் குட்டிக் கிண்ணங்களில் அடைத்து, அப்படியே உறிஞ்சி விழுங்கும்படி வரும் ஜெலிகள் சிறுவர்களின் மூச்சுக்குழாயை அடைத்து உலகின் பல இடங்களில் உயிரைப் பறித்திருக்கின்றன. முதலில் கொன்யாக் என்ற கிழங்கு மாவில் செய்தவற்றைத் தடுத்த ஐரோப்பிய ஒன்றியம், 2004இல் கடற்பாசி உள்ளிட்ட வேறு பல உறைபொருட்களில் செய்த குட்டிக் கிண்ண ஜெலிகளையும் தடுத்தது. காரணம் பொருளில் நஞ்சு இருந்ததல்ல. வடிவமும் விறைப்பும் வழுக்கலும்தான்.

ஆகவே உருண்டை அச்சு வேண்டாம், சின்னக் கிண்ணமும் வேண்டாம். தட்டத்தில் அரைச் சென்ரிமீற்றர் கனத்துக்கு ஊற்றி, மெல்லிய கீலங்களாக வெட்டுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாசியின் அளவைப் பாதியாக்கி, கரண்டியால் மசிக்கக்கூடிய மென்மையில் செய்து, இருத்தி வைத்து ஊட்டுங்கள். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் சாப்பிட விடாதீர்கள். பிறந்தநாளுக்கு வகுப்புக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் கீலங்களாக வெட்டியே அனுப்புங்கள். பெட்டியின் மேல் இது கடற்பாசி, ஜெலட்டீன் இல்லை, சீனி உண்டு என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிட்டால் ஆசிரியைக்கும் மற்றத் தாய்மாருக்கும் சந்தேகம் இராது.