பாய்ஸுக்கு அடித்த யோகம்

குடும்பத் தொழில் ஸ்தாபனங்களின் சரித்திரத்தை எழுதுவதற்கு நம்மிடையே ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டுவிட்டது. முதல் அத்தியாயத்தில் பாட்டனார் கையில் காலணா இல்லாமல் பட்டணத்துக்கு ரயிலேறி வருகிறார். இரண்டாவதில் நஷ்டப்படுகிறார். மூன்றாவதில் ஒரு புண்ணியவான் கடன் கொடுக்கிறார். அப்புறம் ராஜபாட்டைதான். பிள்ளைகள், பேரன்மார், புதுக் கட்டடத் திறப்பு விழா, மந்திரியோடு ஒரு படம். புராணக்காரர்கள்கூட அவதாரக் கதையை இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை.

அபிராமபுரத்தில் குடியிருந்துகொண்டு கதை எழுதிப் பிழைக்கிறவனாகையால், இப்படிப்பட்ட நூற்றாண்டு மலர்களும் பொன்விழா மலர்களும் "இரண்டு வரி அபிப்பிராயம்" கேட்டு என்னிடம் வந்து சேர்வதுண்டு. சமீபத்தில் வந்தது, மேஜை நாற்காலி கட்டில் செய்து விற்கும் ஒரு குடும்பத்தின் மலர். பெயர் இங்கே வேண்டாம். குடும்பத்தாரின் படங்களை எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் போனதும் நிறுத்திவிட்டேன். மூன்று தலைமுறையாக மரத்தை அறுத்து, இழைத்து, கோத்து, மெருகேற்றிய ஆசாரிகளில் ஒருவர் பெயராவது உண்டா என்றால் இல்லை. ஒரே ஒரு படத்தில் இழைப்புளி பிடித்த இரண்டு கைகள் தெரிகின்றன. அந்தக் கைகளுக்கு உரியவரின் தலையைப் பக்க அழகுக்காக வெட்டியிருக்கிறார்கள். இது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். இரண்டு வரியில் அது அடங்காது.

முதலாளி குடும்பத்தின் கதையே வேண்டாம் என்று நான் கட்சி கட்டவில்லை. நல்ல கதைகளும் உண்டு. கோத்ரெஜ் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எந்தச் சந்தில் எந்தத் தகரப் பட்டறையில் அடித்ததானாலும் நம் வீட்டு இரும்புப் பீரோவுக்கு 'கோத்ரெஜ் பீரோ' என்றுதானே பெயர்? அர்தேஷிர் கோத்ரெஜ் வக்கீலுக்குப் படித்தவர். 1894-ல் ஒரு வழக்குக்காக ஜான்ஜிபாருக்குப் போனார். கட்சிக்காரருக்காக உண்மையைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. முடியாதென்று வக்கீல் தொழிலையே உதறிவிட்டுத் திரும்பினார். (நம் ஹைகோர்ட்டு வட்டாரத்தில் இதை யாரும் நம்பமாட்டார்கள்.) பிறகு மேர்வான்ஜி காமா என்பவரிடம் 3,000 ரூபாய் கடன் வாங்கி, ரண சிகிச்சைக் கருவிகள் செய்தார். வாங்க வந்த வெள்ளைக்காரருக்குச் சரக்கு பிடித்திருந்தது; 'இந்தியாவில் செய்தது' என்ற முத்திரைதான் பிடிக்கவில்லை. முத்திரை இல்லாமல் விற்பதற்கு அர்தேஷிர் சம்மதிக்கவில்லை. அந்தத் தொழிலும் போயிற்று. அதற்கப்புறம்தான் 1897-ல் பம்பாய் லால்பாகில் பூட்டுத் தொழில், 1902-ல் இரும்புப் பெட்டி, 1923-ல் இரும்பு அலமாரி எல்லாம். இடையே சோப்பும் செய்தார். அதற்கு 'சாவி' என்று பெயர் வைத்தார். (சாவி, அலமாரி, மேஜை மூன்றுமே போர்த்துக்கீசியரிடம் நாம் வாங்கிக்கொண்ட சொற்கள். நாற்காலி மட்டும் நம்முடையது.)

ஒரு பொருளைச் செய்தவன் யார் என்று அந்தப் பொருளே சொல்ல வேண்டும் என்பதற்காகத் தொழிலையே விட்ட மனிதர் இவர். அந்த ஸ்தாபனத்தின் பெயரைப் பாருங்கள்: கோத்ரெஜ் அண்டு பாய்ஸ். பாய்ஸ் யார்? காமாவின் உறவினர். கடன் கொடுத்தவர் சொன்னதற்காகக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். அதிக நாள் தங்கவில்லை, போய்விட்டார். ஆனாலும் அவர் பெயர் நூறு வருஷத்துக்கு மேலாகப் பலகையிலே நிற்கிறது. பாய்ஸுக்கு அடித்த யோகம், அவரைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு காலம் அரம் பிடித்தவர்களுக்கு ஏன் அடிக்கவில்லை?

ஒருவருக்கு அடித்தது. 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு லட்சக்கணக்கான இரும்பு ஓட்டுப் பெட்டிகள் தேவைப்பட்டன. பம்பாய் விக்ரோலியில் இருந்த கோத்ரெஜ் ஆலையிலும் செய்தார்கள். கொடுத்த விலைக்குள் வெளிப்பூட்டுப் போட்டுக் கட்டுப்படியாகாது. உள்ளேயே பூட்டிக்கொள்ளும் அமைப்பைக் கண்டுபிடித்தவர் நாதாலால் பாஞ்சால் என்ற ஆலைத் தொழிலாளி. அவர் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. கோத்ரெஜ் குடும்பம் 2006-ல் விக்ரோலியில் ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கி, பழைய ஊழியர்களின் வாய்மொழியைக்கூடப் பதிவு செய்யலாயிற்று. செய்ய மனமிருந்தால் செய்யக்கூடிய காரியம்தான் இது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் 2024 ஏப்ரலில் அதே குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தபோது நம் பத்திரிகைகள் எதை எழுதின? எந்தக் கிளைக்கு எந்தக் கம்பெனி, மும்பையில் 3,400 ஏக்கர் நிலம் யார் பக்கம் என்று பத்தி பத்தியாக எழுதின. பாஞ்சாலைப் பற்றி நான் ஒரு வரி பார்க்கவில்லை.

"கூலி கொடுத்தாகிவிட்டது, பெயர் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இதே ஆட்கள்தான் சினிமாவில் விளக்குப் பிடித்தவர் பெயர் வரைக்கும் ஓடுகிறபோது கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகத்தில் அச்சிட்டவர் பெயரைப் போட வேண்டுமென்று 1867-லேயே சர்க்கார் சட்டம் செய்தது. மரியாதைக்காக அல்ல, ராஜத்துவேஷமாக ஏதாவது அச்சிட்டால் ஆளைப் பிடிப்பதற்காக! 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில், தச்சர் சங்கத்து விதிப்படி மேஜை அலமாரிகளின் மறைவான பாகத்தில் செய்தவர் பெயரை முத்திரையாக அடிக்க வேண்டும். அதுவும் பட்டறைத் தலைவரின் முத்திரைதான், கூலியாளுடையது அல்ல. இருந்தாலும் இன்றைக்கு ஏலத்தில் அந்தச் சிறு முத்திரைக்காகவே விலை ஏறுகிறது.

நம்முடைய வீடுகள் மட்டும் என்ன வாழ்ந்தன? அபிராமபுரத்துத் தெருக்களில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். ஒரு சிநேகிதர் வீடு அப்படிப் போனபோது, அவருடைய தாத்தாவின் தேக்கு மேஜையை மெருகேற்றக் கொடுத்தார். அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்து தேய்க்கும் பாலீஷ்காரர், எழுபது வயசுக்கு மேல். இழுப்பறையை வெளியே உருவினார். மூலையில் ஆணியே இல்லாமல் மரத்தோடு மரம் பல் பல்லாகக் கோத்திருந்த இடத்தை விரலால் தடவினார். "இது யார் கைன்னு தெரியுதுங்க ஐயா. மந்தைவெளிப் பக்கம் இருந்தாரு. எங்க அப்பாவுக்குத் தோஸ்த்து" என்று பெயரையும் சொன்னார். சிநேகிதருக்குக் கடையின் பெயர் தெரியும். தாத்தா கொடுத்த விலை தெரியும். ரசீதுகூடப் பத்திரமாக வைத்திருக்கிறார். அறுபது வருஷமாக அந்த மேஜைமேல் முழங்கையை ஊன்றிய குடும்பத்துக்குத் தெரியாத பெயர், வழியோடு போகிற பாலீஷ்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் போய்விட்டால்?

"பெயர்களெல்லாம் எங்கே ஐயா கிடைக்கும்?" என்பது அடுத்த சமாதானம். நன்றாகக் கிடைக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் உபயோகித்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. மஸ்டர் ரோல் என்று இங்கிலீஷில் சொன்னால் எல்லா மானேஜருக்கும் புரியும். இன்ஸ்பெக்டருக்காகப் பயந்து எழுதிய அந்த ஏடுகளில் ஆசாரி, பிரம்பு பின்னினவர், மெருகுக்காரர், மூட்டை சுமந்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். சிலர் கைநாட்டாக இருக்கிறார்கள். முதலாளியின் திறப்பு விழாப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, இந்த ஏடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். மலர் வெளியிடுகிற வருஷத்தில்தான் அலமாரியை ஒழிக்கிறோம் என்று அதிகமாகப் போடுகிறார்கள்.

மலரில் புதிதாக ஒரு பக்கம்கூடச் சேர்க்க வேண்டாம். மந்திரி படங்களில் நாலைக் குறைத்தால் நானூறு பெயருக்கு இடம் வரும். அதுவும் முடியாதென்றால், பழைய சம்பள ஏடுகளை எடைக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கிலோவுக்குப் பேப்பர்காரர் என்ன தருகிறாரோ அதற்கு மேல் ஐந்து ரூபாய் போட்டு, அபிராமபுரத்திலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு நானே வந்து எடுத்துக்கொண்டு போகிறேன்.