ஆறு ஏறுவதை ஊருக்கு யார் சொல்வது?

மயிலத்தில் 51 சென்டி மீட்டர் மழை!

2024 டிசம்பர் 1-ந் தேதி காலை வரை, ஒரே நாளில் பெய்தது இது. “பெஞ்சல்” புயல் கரையைக் கடந்த இரவு அது. திண்டிவனமும் விழுப்புரமும் வெள்ளக்காடு ஆயின.

அதோடு விட்டதா? இல்லை. மறுநாள் அதிகாலை, சாத்தனூர் அணையில் இருந்து தென்பெண்ணை ஆற்றில் நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது ஏறக்குறைய இரண்டு குடம். நொடிக்கு மூன்று லட்சம் குடத்துக்கு மேல்! அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது.

“முன்கூட்டிச் சொல்லவில்லை” என்று குறை எழுந்தது. “ஐந்து முறை எச்சரித்தோம்” என்றது அரசு. எச்சரித்தது சரி. கரையோரக் குடிசையில் தூங்கியவர் காதில் அது விழுந்ததா?

கருவிகளுக்குக் குறைவு இல்லை. தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவி இருக்கிறது. உள்ளே சிறு கிண்ணம், நிரம்பினால் கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்று எண்ணி, கம்பி இல்லாமலே சேதி அனுப்பும்.

அமெரிக்காவில் சியரா நெவாடா மலையில் பனியையே இப்படி அளக்கிறார்கள். கம்பங்களில் உள்ள கருவிகள் பனியின் ஆழத்தை ஒன்றுக்கொன்று வானொலி அலையில் சொல்லிக்கொள்கின்றன. பனி உருகினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்பே கணக்கிட அது உதவுகிறது. நமக்குப் பனிமலை இல்லை. செஞ்சி மலை இருக்கிறது. அங்கே கொட்டும் மழைதான் சங்கராபரணி ஆறாகி வீடூர் அணைக்கு வருகிறது.

ஆகவே மழையை அளந்தால் போதாது. பாலங்களிலும் ஏரி மதகுகளிலும் நீர்மட்டக் கருவி வேண்டும். பாலத்தின் அடியில் கட்டிய கருவி தண்ணீர் மீது அலையை அனுப்பும். அலை சீக்கிரம் திரும்பினால் ஆறு ஏறுகிறது என்று பொருள். நள்ளிரவில், அடைமழையில், அளவுகோலைப் பார்க்க ஆள் போக வேண்டியது இல்லை.

சாத்தனூர் தண்ணீர் விழுப்புரம் கரைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் மாட்டை அவிழ்த்துவிடலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டு போகலாம். ஆனால், சேதி தெரிய வேண்டுமே!

தண்டோரா போடும் வழக்கத்தை 2022-ல் அரசு நிறுத்தியது. நல்ல காரியம். அதன் இடத்தில், ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றிலும் ஓர் ஒலிபெருக்கி வைக்க வேண்டும். கருவி அனுப்பும் சேதி அதிகாரியின் கைபேசியோடு நில்லாமல் அதிலும் ஒலிக்க வேண்டும். மின்சாரம் போனாலும் ஒலிக்க வேண்டும். புயல் நாளில் முதலில் போவது மின்சாரம்தானே!