படத்தை இறக்கி வை என்கிறார்கள்

"வீடு விக்கணும்னா அந்தப் படத்த மட்டும் கொஞ்சம் உள்ள வச்சிருங்க சார்."

தரகர் இதைச் சொன்னபோது அவர் குரலில் பகை எதுவும் இல்லை. நல்ல மனுஷன்தான். நாலு மாசமாக ஆள் கூட்டி வந்து வீட்டைக் காட்டுகிறவர். கூடத்துச் சுவரில் அம்பேத்கர் படம் இருக்கிறது. பால் காய்ச்சின அன்றைக்கு இந்த வீட்டில் அப்பா அடித்த முதல் ஆணி அது. அப்பா போய்விட்டார். தங்கச்சி ஆஸ்பத்திரிக் கடனுக்கு வீட்டை விற்றாக வேண்டும்.

"நான் ஒண்ணும் சொல்லல சார். வர்ற பார்ட்டி வாசப்படியிலயே நின்னு அதப் பாக்குறான். அப்புறம் கெணத்தயும் பாக்குறதில்ல, மாடியயும் பாக்குறதில்ல. 'யோசிச்சுச் சொல்றேன்'னு போயிடுறான்."

இது அவருடைய சொந்தச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பெரிய சாத்திரமே இருக்கிறது. அமெரிக்காவில் வீடு விற்கிறவர்களுக்கு 'ஓபன் ஹவுஸ்' என்று ஒரு சடங்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மூணு மணி நேரம் வீட்டைத் திறந்துபோட்டு, வருகிறவன் போகிறவனெல்லாம் பார்க்கலாம் என்று விடுவார்கள். அதற்கு வீட்டைத் 'தயார்' செய்யத் தரகர்கள் ஒரு பட்டியல் தருவார்கள். ஒழுகும் குழாயை மாற்று. சாமான்களைக் குறை. சன்னலைத் துடை. இதிலெல்லாம் நமக்குச் சண்டை இல்லை. பொங்கலுக்கு நாமும் செய்கிறதுதான். அதற்குக் கீழேதான் விஷயம் இருக்கிறது. குடும்பப் படங்களைக் கழற்று. மத அடையாளங்களை எடு. மீன், மசாலா சமைக்காதே. வேண்டுமானால் பிஸ்கட் சுட்டு வாசனை காட்டு. சுவருக்கு யாரையும் உறுத்தாத 'நடுநிலை' நிறம் அடி. கடைசியாக, ஆட்கள் வரும்போது நீ வீட்டில் இருக்காதே!

வாங்குகிறவன் தன்னை அந்த வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கு நீ இருந்த தடம் தெரியக் கூடாதாம். இது எல்லோருக்கும் பொதுவான யோசனைதானே என்பான் நடுநிலைவாதி. பொதுதான். வெள்ளைக்காரன் தன் குடும்பப் படத்தைக் கழற்றினால் ஒரு படம் குறையும். கறுப்பன் கழற்றினால் விலையே ஏறுகிறது. அதுதான் வித்தியாசம்.

கதை விடவில்லை. கலிபோர்னியாவில் மரின் சிட்டி என்றொரு ஊர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942ல், கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. போர் முடிந்ததும் வெள்ளைத் தொழிலாளி வேறு ஊர் பார்த்துப் போனான். கறுப்பருக்குப் பக்கத்து ஊர்களில் யாரும் வீடு விற்கவில்லை. அவர்கள் அங்கேயே நின்றார்கள். அந்த ஊரில் ஒரு கறுப்பினத் தம்பதி 2020ல் கடனுக்காகத் தங்கள் வீட்டை மதிப்பிட ஆள் அழைத்தார்கள். வந்த மதிப்பு 9,95,000 டாலர். சந்தேகம் வந்தது. தங்கள் படங்களை எடுத்து ஒளித்தார்கள். வெள்ளைக்காரத் தோழி ஒருத்தியை வீட்டுக்காரியாக நிற்க வைத்து, அவள் குடும்பப் படங்களை வைத்தார்கள். வேறொரு மதிப்பீட்டாளர் வந்தார். 14,82,500 டாலர்! சில வாரங்களில் நடந்த மாற்றம் இது. அதே சுவர், அதே கூரை. மூஞ்சிக்கு மட்டும் 4,87,500 டாலர். வழக்குப் போட்டார்கள். 2023ல் அது சமரசத்தில் முடிந்தது. பால்டிமோரிலும் 2021ல் இதே கதை என்று இன்னொரு தம்பதி வழக்குப் போட்டார்கள். 4,72,000 என்று மதிப்பிட்ட வீடு, படத்தை மாற்றி வெள்ளையரை நிறுத்தியதும் 7,50,000 ஆனதாம்.

இது ஏதோ ரெண்டு மதிப்பீட்டாளரின் கெட்ட புத்தி அல்ல. 1924ல் அந்நாட்டு வீட்டுத் தரகர் சங்கம் எழுதிய ஒழுக்க விதியே, ஒரு பகுதியின் சொத்து மதிப்பைக் கெடுக்கும் இனத்தாரை அங்கே குடியேற்றத் தரகர் துணைபோகக் கூடாது என்றது. அதற்குப் பெயர் ஒழுக்கம்! 1930களில் அரசாங்கமே நகர வரைபடங்களில் கறுப்பர் தெருக்களைச் சிவப்பு மையால் குறித்து, கடன் கொடுத்தால் ஆபத்து என்றது. மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ற ஒரு வாரத்துக்குப் பிறகுதான், 1968 ஏப்ரல் 11ல், வீட்டு விற்பனையில் இனப்பாகுபாடு சட்டப்படி குற்றமானது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழிந்தும் படத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

நமக்கு அந்தச் சட்டமாவது உண்டா? 1917ல் பரோடாவில் அண்ணலுக்குத் தங்க இடமில்லை. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர், பார்சிப் பெயர் எழுதி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். பெயரையே கழற்றி வைத்தவருக்கு அந்தக் கதி. அதன்பின் அரசியல் சட்டத்தை அவரே எழுதினார். கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலையில் பாகுபாடு கூடாது என்று அதில் இருக்கிறது. தனியார் வீட்டை விற்பதும் வாங்குவதும் அந்தப் பட்டியலில் இல்லை. 2005ல் அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், குறிப்பிட்ட சமூகத்தார் மட்டுமே உறுப்பினர் என்று சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதுவும் பார்சிச் சங்கம்தான். பார்சிகளைத் திட்ட இதைச் சொல்லவில்லை. பெரும்பான்மைச் சாதிகள் விதி எழுதாமலேயே இதைச் செய்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றம் என்கிறது. 'யோசிச்சுச் சொல்றேன்' என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

நான் வங்கியில் எழுத்தர். வீட்டுக்கடன் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. மதிப்பீட்டு அறிக்கையில், பகுதி உயர்ந்ததா, நடுத்தரமா, ஏழையா என்று ஒரு கட்டம். சந்தை மதிப்பைக் குறைக்கும் பாதகம் ஏதும் உண்டா என்று இன்னொரு கட்டம். சாதி என்ற சொல் எங்கும் கிடையாது. 'காலனியை ஒட்டியது' என்று நாலு எழுத்து விழுந்தால் போதும், மீதியை மேலாளர் புரிந்துகொள்வார். 2025ல் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, சொல் போகட்டும். அந்தச் சொல் தின்ற விலையை யார் திருப்பித் தருவது?

அமெரிக்கக் கறுப்பருக்கு ஒரு வெள்ளைத் தோழியை நிறுத்த முடிந்தது. நாம் யாரை நிறுத்துவது? படத்தை ஒளித்தால் தெரு காட்டிக்கொடுக்கும். தெருவை மறைத்தால் தாய்ப்பத்திரத்தில் தாத்தா பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாதி காட்டிக்கொடுக்கும். "அப்பா எந்த ஊரு?" என்ற ஒரே கேள்வியில் நூறு வருஷத்தை உருவிவிடுவான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் படத்தை இறக்கினேன். கவிதையில் வீரம் பேசுகிறவன் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "படத்த அலமாரியில வப்ப. மூஞ்சிய எங்கடா வப்ப?" என்றாள். அன்றைக்கு வந்த பார்ட்டி கிணற்றைப் பார்த்தான், மாடியைப் பார்த்தான், தண்ணிகூடக் குடித்தான். பத்திர நகலை வாங்கிப் போனான். திரும்ப வரவில்லை.

மறுநாள் படம் சுவருக்கு வந்தது. அதன் பிறகு வீடு பார்க்க வந்தவர்களையெல்லாம் அம்மா கருவாட்டுக் குழம்பு வாசனையோடுதான் வரவேற்றாள். கடைசியில் நம்ம ஆள் ஒருத்தர் வாங்கினார். அவரிடம் அவ்வளவுதான் இருந்தது. தரகர் முதலில் சொன்ன விலைக்கு மூணு லட்சம் குறைவு. வங்கிக்காரனாகக் கேட்கிறேன், அந்த மூணு லட்சத்தை எந்தக் கணக்கில் பற்று எழுதுவது? பள்ளமா, ஒழுகலா, விரிசலா? வீட்டில் ஒரு குறையும் இல்லை. அது சாதி இந்துவின் கணக்கில் நமக்கு வர வேண்டிய பாக்கி.

கடனுக்காகப் படத்தைக் கழற்றுகிறவரை நான் ஏச மாட்டேன், நானும் கழற்றியவன். ஆனால் தோழர்களே, ஒளிவதற்குத் தந்திரம் சொல்லிக்கொடுப்பது நம் வேலை அல்ல. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் சாதி பார்ப்பதைக் குற்றமாக்கும் சட்டம் கேட்போம். மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கி, 'பாதகம்' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்போம். தவறென்றால் எழுத்தில் எதிர்ப்போம். நகல் கேட்டு வருகிறவர்களுக்கு எப்படிக் கேட்பது என்று எழுதித் தர நான் இருக்கிறேன்.

வீட்டைக் கழுவலாம், வெள்ளையடிக்கலாம். நம்மை எதற்குத் துடைக்க வேண்டும்?